மெழுகில் ஒட்டியது

மாரிக்குப்பத்தில் வண்டி ஏறும்போது இருட்டு.
கன்டோன்மென்டில் இறங்கும்போது பளிச்சென்று வெயில்.
இடையில் நின்றபடியே தூங்குவேன்.
சிவாஜிநகரில் நகைக்கடன் கம்பெனி, முதல் மாடி,
மதிப்பீட்டாளர் வேலை.

ஒரு கறுப்புக் கல், மூன்று குப்பி அமிலம், ஒரு தராசு.
வளையலை ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.
பொய் என்றால் கோடு பச்சையாய் நுரைத்துக் கரையும்.
மெய் என்றால் கிடக்கும், வெட்கமில்லாமல் மின்னிக்கொண்டு.
எந்தக் குழியிலிருந்து வந்தது என்று மட்டும்
கல் சொல்லாது. படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.

பதித்த கல்லுக்கு எடை கழிப்போம்,
அரக்குக்குக் கழிப்போம், அழுக்குக்குக் கழிப்போம்.
பாணஸ்வாடியிலிருந்து தாலிச்சரடு கொண்டுவந்த ரங்கம்மா கேட்டாள்:
"அழுக்கு என் கழுத்தோடது சார்,
பதினெட்டு வருஷம். அதுக்கு ஒண்ணும் இல்லையா?"
அரை கிராம் கழித்தேன்.

நிவேதிதா ஹெப்பார் கொண்டுவந்தது நாலு வளையல்.
கடன் எதற்கு என்ற இடத்தில் 'பயணம்' என்று எழுதினாள்.
லண்டன் போகிறாளாம். எங்கள் ஊர்ச் சுரங்கத்தின்
பழைய கணக்குப் புத்தகங்கள் அங்கே ஒரு நிலவறையில்,
எத்தனை டன் போயிற்று என்று கிராம் சுத்தமாய்.
போன தங்கத்தை எண்ணிப் பார்க்க
இருக்கிற தங்கத்தை வைக்கிறாள்.
சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.
சனிக்கிழமை கூட்டம் இருக்கிறது, வாங்க என்றாள்.

போனேன். கடைசி வரிசை.
வட்டியோடு திருப்பித் தரட்டும் என்றார் ஒருவர்.
பெங்களூருக்கு முந்தி அந்த ஊரில் மின்விளக்கு எரிந்ததே,
யார் போட்டது என்றார் இன்னொருவர்.
விளக்கு குழிக்குப் போட்டது, குடிசைக்கா என்று ஒரு பெண்.
சரி, வெள்ளைக்காரன் போனபின் நாமே தோண்டினோம்,
நாமே மூடினோம், சயனைடு மேட்டை யார் விட்டுப்போனது?
கேட்டவர் உட்காரவில்லை. பதில் வருமுன்
என் ரயில் வந்துவிடும். எழுந்துவிட்டேன்.

படியிறங்கும்போது நினைத்தேன்:
அப்பாவின் எக்ஸ்ரே ஒன்று வீட்டில் இருக்கிறது.
ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் ஒட்டியிருக்கிறோம்.
காலை வெயில் பட்டால்
நெஞ்சு முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.
எந்தப் புத்தகத்திலாவது அது வரவு வைக்கப்பட்டிருக்குமா,
நிவேதிதா வந்தால் கேட்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கல்லைத் துடைக்கக் கூடாது.
மெழுகை உருட்டி ஒற்ற வேண்டும்.
அன்றைக்கு வந்த எல்லாக் கழுத்தும் எல்லாக் காதும்
உரசிவிட்டுப் போன தூள் ஒட்டிக்கொள்ளும்.
கறுத்த உருண்டை மெல்லப் பழுக்கும்.
உறையிலிட்டு எடை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு.
ரங்கம்மாவுக்குத் தெரியாது,
தெரிந்தால் அதற்கும் கேட்பாள்.

கீழே தசரு மாஜி என்னைத் தடவிப் பார்ப்பான்.
சட்டைப்பை, பெல்ட், டிபன் பாக்ஸ் மூடி.
ஒடிசாவில் மலைக்காரன், கூச்சத்தோடு முகம் திருப்பிக்கொள்வான்.
"எங்க மலைக்கு என்ன விலைன்னு கூட்டம் போட்டுக் கேட்டாங்க பாபு,
யாருக்கும் கேள்வியே புரியல. பேசாம இருந்தோம்.
சம்மதம்னு எழுதிக்கிட்டாங்க."
சொல்லிக்கொண்டே என் காலுறையைத் தொடுவான்.

சுரங்க வாசலில் என் பூட்டனை
வாயைத் திறக்கச் சொல்வார்களாம்,
தலைமுடியை உதறச் சொல்வார்களாம்.
எனக்கு வாய் திறக்கும் வேலை இல்லை.
நூறு வருஷத்தில் அவ்வளவு முன்னேற்றம்.

பங்காருபேட்டையில் வண்டி நெடுநேரம் நிற்கும்.
பேரில் மட்டும்தான் பங்காரு.
குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்,
கட்டைவிரல் நகக்கண்ணில் மஞ்சளாய் ஏதோ.
மதியச் சாம்பாராகவும் இருக்கலாம்.
உரைத்துப் பார்க்கக் கல் கையில் இல்லை.
விரலை மடக்கி வைத்துக்கொண்டு
மாரிக்குப்பம்வரை தூங்காமல் வந்தேன்.